ஒண்ணாங்கிளாஸ் போன பெரியவ தினமும் அழுவுதா, எல்கேஜி போற சின்னவன் சிரிச்சுக்கிட்டே போறான். என்ன செய்யலாம்?

பெருமாள்புரம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல இருக்கோம். ரெண்டு பிள்ளைங்க. பெரியவ இந்த வருசம் ஒண்ணாங்கிளாஸ், சின்னவன் எல்கேஜி. ரெண்டு பேரும் ஒரே மெட்ரிக் ஸ்கூல்தான், பேரு வேண்டாம்.

லீவு பூரா நாங்க பயந்தது சின்னவன நெனச்சுத்தான். அவன் எங்க அம்மா கையிலயே வளந்தவன், ஆச்சி முந்தானைய புடிச்சுக்கிட்டாதான் தூக்கமே வரும். ஆனா அவன் முதல் நாள் உதட்டப் பிதுக்கினதோட சரி, இப்ப வெள்ளனே எந்திச்சு ஷூவ மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கான். பெரியவதான் புரியல. எல்கேஜி யூகேஜி ரெண்டு வருசமும் ஒரு பொட்டு கண்ணீர் விடாம போனவ, மிஸ்ஸப் பத்தியே வீட்ல பேசிக்கிட்டு இருந்தவ, இப்ப காலையில கண்ண முழிச்சதும் வயித்த வலிக்குன்னு சுருண்டு படுத்துக்கிடுதா. பால் வேண்டாங்கா, தண்ணி வேண்டாங்கா, இட்லிய வாயில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கா. வேன் ஹாரன் கேட்டா போதும், அழுகை ஆரம்பிச்சுரும்.

மிஸ் அடிச்சாங்களான்னு கேட்டேன், இல்ல நல்ல மிஸ்தாங்கா. யாராச்சும் கிண்டல் பண்ணுதாளான்னு கேட்டா அதுவும் இல்லேங்கா. அவ கூட்டுக்காரப் பிள்ளைய பி செக்‌ஷன்ல போட்டுட்டாங்க, இவ ஏ செக்‌ஷன், அது ஒரு வருத்தம் இருக்கு. சாயங்காலம் வேன்ல இருந்து எறங்குனதும் பேக்கைத் தூக்கிப் போட்டுட்டு நேரா பாத்ரூமுக்கு ஓடுதா, வந்து ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு அப்புறம் நல்லாத்தான் விளையாடுதா. ஸ்நாக்ஸ் டப்பா காலியா வருது, வாட்டர் பாட்டில் மட்டும் கொண்டு போன மாதிரியே திரும்பி வருது. ராத்திரி படுக்கும்போது நாளைக்கு லீவான்னு கேக்கா. அதக் கேக்கும்போது எனக்கு நெஞ்சு அடைச்சுப் போவுது.

எங்க அத்தை கண்ணு பட்டிருக்கும்னு மிளகா சுத்திப் போட்டாவ. எங்க வீட்ல அவிய செக்‌ஷன் மாத்தித் தரச் சொல்லி பிரின்சிபாலப் பாப்போம்னு சொல்லுதாவ. கிளாஸ் மிஸ்கிட்ட போன்ல கேட்டதுக்கு, அமைதியா இருக்கா, ஒரு தொந்தரவும் இல்லன்னாங்க. இவ அமைதியான பிள்ளையே கிடையாது, வாய் ஓயாதவ. செக்‌ஷன் மாத்தினா சரியாகுமா? ஸ்கூலையே மாத்தணுமா? இதப் பாத்தவங்க சொல்லுங்க.


டவுன் ரதவீதி அப்பா:

தங்கச்சி, முதல்ல ஸ்கூல் மாத்துற நெனப்ப விட்ருங்க, ஜூன் மாசத்துல எந்தப் பிள்ளைக்கும் அந்த முடிவ எடுக்கக் கூடாது. எங்க பையனும் ஒண்ணாங்கிளாஸ்லதான் அழுதான். யூகேஜி வரைக்கும் தரையில பாய விரிச்சு பாட்டும் விளையாட்டுமா இருக்கும், ஒண்ணுல பெஞ்சு, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நோட்டு, கோர்ட்டுக்குப் போற மாதிரி டைரி, போர்டப் பாத்து எழுதி முடிக்கலேன்னா நின்னு எழுதணும். பெரியவங்களுக்கு இது ஒரு வகுப்பு ஏறுனதாத் தெரியும், பிள்ளைக்கு வேற ஊருக்கே போன கணக்கு.

ரெண்டு விஷயம் எங்களுக்கு உதவுச்சு. விட்டுட்டு வரும்போது கண்ணு மறைஞ்சதும் நழுவி வராதீங்க, முகத்தப் பாத்து, அம்மா போறேன், சாப்பாட்டு மணி, அதுக்கப்புறம் கதை, அப்புறம் வேன், வீட்ல நான் இருப்பேன்னு வரிசையாச் சொல்லிட்டு வாங்க. நேரம் பாக்கத் தெரியாத வயசு, அதுங்களுக்கு இந்த வரிசைதான் கடிகாரம். இன்னொண்ணு, அந்த பி செக்‌ஷன் பிள்ளைய ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் விளையாட விடுங்க. சினேகிதம் அந்துரலேன்னு தெரிஞ்சா பாதி பாரம் எறங்கிரும். செக்‌ஷன் மாத்தச் சொல்லி இப்பவே போய் நிக்காதீங்க, ஏ செக்‌ஷன்ல இன்னொரு சினேகிதி கெடைக்க அவளுக்கு ஒரு வாய்ப்பு வேணும்.

ஆனித் திருவிழா வருது, தேரோட்டத்துக்கு லோக்கல் லீவு விடுவாங்க. அந்த லீவு முடிஞ்ச மறுநாள் அழுகை திரும்பக் கூடும், அதப் பாத்து பயந்துராதீங்க. லீவுக்குப் பெறகு எல்லாப் பிள்ளைக்கும் அது உண்டு.


வள்ளியூர் மைனி:

அழட்டும், விட்ருங்க, தானா நிக்கும். நம்மள எல்லாம் எந்த அம்மா வாசல்ல நின்னு சமாதானப்படுத்துனா. நீங்க முகத்த வாட்டமா வச்சிருந்தா பிள்ள இன்னும் அழத்தான் செய்யும்.

ஒண்ணு மட்டும் கேக்கேன், வேன் எத்தன மணிக்கு வருது? எங்க தெருவுல ஏழேகாலுக்கே வந்துருது. பிள்ளைங்க அரைத் தூக்கத்துல பல்ல விளக்கி, வெளிக்கி கூடப் போகாம வண்டியில ஏறுதுங்க. வயித்த வலிக்காம என்ன செய்யும்? அரை மணி நேரம் முந்தி எழுப்பிப் பாருங்க.


அம்பை டீச்சர்:

நான் அம்பாசமுத்திரம் பக்கம் அரசு தொடக்கப் பள்ளியில ஒண்ணு ரெண்டு வகுப்பு எடுக்கேன், ரொம்ப வருசமா இந்தச் சின்னதுங்க கூடத்தான். மேல எழுதுனவங்க சொன்னது எல்லாம் நல்ல யோசனை. ஆனா தங்கச்சி, நீங்க எழுதுனதுல நடுவுல இருக்க ரெண்டு வரிய திரும்பப் படிங்க. வாட்டர் பாட்டில் நிறைஞ்சபடி திரும்பி வருது. வேன் எறங்குனதும் பாத்ரூமுக்கு ஓடுதா. காலையில தண்ணியும் பாலும் வேண்டாங்கா. என் மனசுல பட்டது, உங்க பிள்ள ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போறதே இல்ல. போகாம இருக்கணும்னுதான் தண்ணிய குடிக்காம இருக்கா. அந்த வயசுப் பிள்ளைக்கு கெடைக்கிற ஒரே வழி அதுதான், அத அவளே கண்டுபிடிச்சிருக்கா.

எல்கேஜி யூகேஜி வரைக்கும் ஆயாம்மா இருப்பாங்க. அவங்களே வரிசையாக் கூட்டிட்டுப் போய், கழுவி விட்டு, டவுசர மாட்டி விட்டு கூட்டிட்டு வருவாங்க. கிளாஸ ஒட்டியே குட்டி குட்டியா பாத்ரூம் இருக்கும். ஒண்ணாங்கிளாஸ்னா அப்படியே நின்னு போயிரும். கட்டடம் மாறும், பாத்ரூம் தூரத்துல இருக்கும், இன்டர்வல் பத்து நிமிசம், அஞ்சாங்கிளாஸ் அக்காமாரு எல்லாரும் அதே இடத்துக்குத்தான் வருவாளுவ, சின்னது இடிபட்டு ஓரமா நின்னுட்டு மணி அடிச்சதும் திரும்பிரும். தாழ்ப்பாள் எட்டாது, இல்ல போட்டா திறக்க வராதோன்னு பயம். வீட்ல வெஸ்டர்ன் பாத்ரூம், அங்க இந்தியன், கால் வழுக்கி உள்ள விழுந்துருவோமோன்னு ஒரு பயம் உண்டு, பெரியவங்க கேட்டா சிரிப்பாங்க, அதுங்களுக்கு அது உண்மையான பயம். போதாக்குறைக்கு பாட வேளையில போகணும்னா எந்திச்சு நின்னு இங்கிலீஷ்ல பர்மிஷன் கேக்கணும்னு நெறைய ஸ்கூல்ல வச்சிருக்காங்க. அந்த வாக்கியம் அந்த நேரத்துல வாயில வராது. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. பேசாம அடக்கிட்டு உக்காந்திருக்கும். அதத்தான் மிஸ் அமைதியா இருக்கான்னு சொல்லுதாங்க. அவங்க மேலயும் முழுத் தப்புன்னு சொல்ல மாட்டேன், நாப்பது பிள்ளைங்கள்ல சத்தம் போடாததக் கவனிக்க அவங்களுக்கு நேரம் கெடைக்கதில்ல.

எப்படிக் கேக்கணும்னா, ஸ்கூல்ல பாத்ரூம் போறியா, ஏன் போகலன்னு கேக்காதீங்க, போறேன்னு சொல்லிட்டு முடிச்சுரும். குளிப்பாட்டும்போதோ பொம்மைய வச்சு ஸ்கூல் விளையாட்டு விளையாடும்போதோ, உங்க பாத்ரூம் எங்க இருக்கு, கதவு என்ன கலரு, குழாய் எந்தப் பக்கம், கப்பு இருக்கா, யாரு கூட போவன்னு கதையாக் கேளுங்க. கதவு கலரு சொல்லத் தெரியலேன்னா உள்ள போனதே இல்லேன்னு வச்சுக்கிடுங்க.

எங்க பள்ளியில புதுசா வர்ற ஒண்ணாம் வகுப்ப முதல் வாரம் பாடமே எடுக்காம கூட்டிட்டுப் போய் குழாய், தாழ்ப்பாள், வாளி எல்லாம் தொட்டுப் பாக்க விடுவேன். வகுப்புல பேச வேண்டாம், சுண்டு விரலக் காட்டுனா போதும், நான் தலைய ஆட்டுவேன், ஓடிரணும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்த பெறகு எனக்கு இது இன்னும் முக்கியமாயிட்டு. காலையிலயே உப்புமாவோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டு தண்ணி குடிக்குதுங்க, முதல் பீரியட் முடியுமுன்ன எல்லாத்துக்கும் போக வேண்டியிருக்கும், ஆகவே சாப்பிட்டு கை கழுவுன கையோட வரிசையா அனுப்பிருதோம்.

பிள்ளைகிட்ட பேசிட்டு இங்க எழுதுங்க.


பெருமாள்புரம் அம்மா:

டீச்சர் அக்கா, கை நடுங்கிக்கிட்டே எழுதுதேன். நேத்து ராத்திரி தலை பின்னும்போது நீங்க சொன்ன மாதிரியே கதையாக் கேட்டேன். கதவு கலரு அவளுக்குத் தெரியல. நாத்தம் வருமாம், உள்ள லைட்டு இல்லையாம், முதல் நாள் போய் எட்டிப் பாத்துட்டு வந்துட்டாளாம். அதோட பெரிய விஷயம் என்னன்னா பெல்ட். யூகேஜில ஃபிராக், ஒண்ணுல இருந்து ஸ்கர்ட், அதுக்கு மேல பெல்ட், ஸ்கர்ட்டுக்கு இடுப்புல கொக்கி. வீட்ல நான்தான் மாட்டி விடுதேன், கழட்டுதேன். அவளுக்கு அந்த பெல்ட்ட கழட்ட வராது, கழட்டினா திரும்ப மாட்ட வராது, மாட்டாம போனா மிஸ் நிக்க வைப்பாங்களாம். அவ கிளாஸ்ல ஒரு பையன் ஸ்கர்ட் நனைஞ்ச வேற ஒரு பிள்ளையப் பாத்து சிரிச்சிருக்கான், அதப் பாத்துட்டு இவ அன்னைல இருந்து தண்ணியே தொடல. இவ்வளவையும் சொல்லிட்டு, அம்மா மிஸ்கிட்ட சொல்லிராதங்கா.

வயித்து வலி வேற இருக்கே, அது அழுகைக்கு சொல்லுத சாக்கா, நெசமா? ஒரு வாரமா ஒண்ணுக்குப் போகும்போது லேசா எரியுதும்பா, வெயில் சூடுன்னு நெனச்சு எளநி வாங்கிக் குடுத்தோம்.


மேலப்பாளையம் ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நான் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன். வலி நெசம். சாக்குன்னு எடுத்துக்கிடாதீங்க.

கணக்கு ஒண்ணு சொல்லுதேன், சின்னப் பிள்ளைங்க மூத்திரப்பை எவ்வளவு தாங்கும்னு பாக்க வயசோட ரெண்டைக் கூட்டி முப்பதால பெருக்குவோம். ஆறு வயசுன்னா சுமாரா 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர் அளவுதான். அத வச்சுக்கிட்டு காலை வேன் ஏறுனதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கினா அடிவயிறு வலிக்கத்தான் செய்யும். தண்ணி குடிக்காததால மலமும் இறுகிரும், வள்ளியூர் மைனி சொன்ன மாதிரி காலையிலயும் போக நேரமில்லேன்னா ரெண்டும் சேர்ந்து வலிக்கும். இறுகுன மலம் மூத்திரப்பைய அமுக்கும், அது முழுசா காலியாகாது, கிருமி தங்கும். பொம்பளப் பிள்ளைங்களுக்கு மூத்திரக்குழாய் நீளம் கம்மி, அதனால கிருமி சீக்கிரம் உள்ள ஏறிரும்.

எரியுதுன்னா இன்னைக்கே குழந்தைங்க டாக்டர்ட்ட காட்டுங்க. மூத்திர டெஸ்ட் எழுதுவாங்க, தேவைப்பட்டா என்ன கிருமின்னு பாக்குத கல்ச்சர் டெஸ்டும் பாப்பாங்க. குளிர் காய்ச்சல், முதுகு விலாவுல வலி, வாந்தி, மூத்திரத்துல ரத்தம் இதுல எது இருந்தாலும் ராத்திரியானாலும் தாமதிக்காதீங்க. மெடிக்கல் ஷாப்புல நீங்களா மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க, டெஸ்ட் எடுக்க முன்ன ஆன்டிபயாட்டிக் குடுத்துட்டா என்ன கிருமின்னே கண்டுபிடிக்க முடியாமப் போயிரும். எளநி குடுக்கதுல தப்பில்ல, ஆனா இன்ஃபெக்‌ஷன் இருந்தா அது மட்டும் போதாது.

வீட்ல செய்யக்கூடியது, காலையில இட்லி சாப்பிட்ட கையோட பாத்ரூம்ல உக்கார வைங்க, சாப்பிட்டதும் குடல் தானா அசையும், அந்த நேரந்தான் நல்லா போவும். வெஸ்டர்ன்னா காலுக்குக் கீழ ஒரு மணை போடுங்க. முன்னால இருந்து பின்னால கழுவச் சொல்லிக் குடுங்க. கொய்யாப்பழம், நாட்டுப்பழம், கீரை தினம் ஏதாச்சும் ஒண்ணு. தண்ணிய சாயங்காலம் ஒட்டுமொத்தமா ஊத்தாம நாள் பூரா பிரிச்சுக் குடுக்கணும், அதுக்கு ஸ்கூல்ல போக வழி வேணும், அது இல்லாம தண்ணி குடி குடின்னு சொன்னா பிள்ளைக்கு சித்திரவதைதான்.


டவுன் ரதவீதி அப்பா:

டீச்சர் கண்ணுக்குப் பட்டது நம்ம யாருக்கும் படல. நான் செக்‌ஷனப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தேன், பிரச்சினை பெல்ட்ல இருந்திருக்கு.

தங்கச்சி, ஸ்கூல்ல போய்க் கேக்க தயங்காதீங்க. இது சலுகை கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே ஆம்பளப் பிள்ளைங்களுக்கும் பொம்பளப் பிள்ளைங்களுக்கும் தனித்தனி கழிப்பறையும் நல்ல குடிதண்ணியும் இருக்கணும்னு எழுதியிருக்கு, 2012ல சுப்ரீம் கோர்ட்டும் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அத உறுதியாச் சொல்லிட்டு. தனியார் ஸ்கூலுக்கும் சேத்துதான். கட்டடம் இருந்தா மட்டும் பத்தாது, ஆறு வயசுப் பிள்ள பயமில்லாம போய்ட்டு வரணும். கேரளத்துல 2019லயே சில பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கன்னு தனி மணி அடிக்க ஆரம்பிச்சாங்க, தமிழ்நாட்டுலயும் 2025ல வாட்டர் பெல் வந்துட்டு. அந்த மணியோட ஒண்ணுக்குப் போகவும் அஞ்சு நிமிசம் குடுங்கன்னு கேளுங்க, நாலு அம்மாமாரு சேர்ந்து கேட்டா கேப்பாங்க. லைட்டு போடுங்கன்னு எழுதியே குடுங்க. சண்டை வேண்டாம், மரியாதையா எழுதுங்க, ஆனா எழுதிக் குடுங்க.


பெருமாள்புரம் அம்மா:

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். டாக்டர்ட்ட காட்டுனோம், ராத்தா சொன்ன மாதிரி டெஸ்ட் எடுத்தாங்க, லேசா இன்ஃபெக்‌ஷன் இருந்துச்சு, மருந்து குடுத்திருக்காங்க, எரிச்சல் நின்னுட்டு. முடியுற வரைக்கும் நிறுத்தாம குடுக்கச் சொல்லியிருக்காங்க.

அவ சொல்லாதன்னு சொன்னதால, மிஸ்கிட்ட நான் மட்டும் போய் தனியாப் பேசினேன், அவ பேருக்கு எந்தக் கேள்வியும் வராம பாத்துக்கிடுங்கன்னு கேட்டேன். அவங்களுக்கும் கண்ணு கலங்கிட்டு, சத்தியமா கவனிக்கலம்மான்னாங்க. இன்டர்வலுக்கு அஞ்சு நிமிசம் முந்தி ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்கள மட்டும் ஜோடி ஜோடியா அனுப்புதேன்னு சொல்லியிருக்காங்க, பெரிய பிள்ளைங்க வருமுன்ன திரும்பிரலாம். சுண்டு விரல் சைகையும் வச்சாச்சு, அது கிளாஸுக்கே பொதுவா வச்சதால இவளுக்கு கூச்சமில்ல. பாளை மார்க்கெட் பக்கம் டெய்லர்ட்ட குடுத்து ஸ்கர்ட்டுக்கு இடுப்புல எலாஸ்டிக் வச்சு வாங்கிட்டேன். பெல்ட்டு போட்டே ஆகணும்னாங்க, சரின்னு வெல்க்ரோ ஒட்டுற பெல்ட்டா மாத்திட்டோம், வீட்ல விளையாட்டு மாதிரி கழட்டி மாட்டிப் பழகுதா. லைட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கோம், இன்னும் போடல, விட மாட்டேன்.

நேத்து பாட்டில் பாதி காலியா வந்துச்சு. கதவு பச்சைக் கலராம், அவளா வந்து சொன்னா. இன்னைக்குக் காலையிலயும் லேசா அழுதா, அந்த அழுகை பி செக்‌ஷன் சினேகிதிக்காகன்னு நெனக்கேன், அது பைய சரியாகும். ஞாயித்துக்கிழமை அந்தப் பிள்ளைய வரச் சொல்லியிருக்கேன், சொதி வைக்கலாம்னு இருக்கேன்.


அம்பை டீச்சர்:

ரொம்ப சந்தோசம் தங்கச்சி. மருந்து முடிஞ்ச பெறகும் பாட்டில தினம் பாத்துக்கிட்டே இருங்க, மழை நாள்ல திரும்ப ஆரம்பிக்கும், வராண்டா ஈரமா வழுக்கும்னு போக மாட்டாளுவ.

அப்புறம் சின்னவன் சிரிச்சுக்கிட்டே போறான்னு விட்றாதீங்க. இப்ப ஆயாம்மா பாத்துக்கிடுவாங்க. அவன் டவுசர்ல ஜிப்பும் கொக்கியும் இருந்தா அதையும் இப்பவே எலாஸ்டிக்கா மாத்திருங்க, தானா எறக்கி ஏத்திப் பழகட்டும். ரெண்டு வருசத்துல அவனும் அதே கட்டடத்துக்குத்தான போகணும்.